சுண்டெலிக்குக் கட்டி எதனால் வருகிறது? மரபணு, வைரஸ், ஹார்மோன் மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் கெடாவின் பீடோங், பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கல்லூரி ஆய்வகத்தை ஒட்டிச் சிறியதாக ஒரு சுண்டெலி அறை நடத்துகிறவர்களுக்காகவும், இறுதியாண்டு ஆய்வுக்கோ முதுகலைக்கோ கட்டி பற்றிய சோதனை ஒன்றைத் திட்டமிடும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். தலைநகரத்துப் பெரிய ஆய்வகங்களுக்கு எழுதப்பட்ட நெறிமுறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி வேலை செய்யாது. காரணம் அறிவுக்குறை அல்ல. சூடு, ஈரப்பதம், இடி மின்னல், தோட்டத்து எலி, மலிவாகக் கிடைக்கும் மரத்தூள் என்று எல்லாமே கட்டியின் கணக்கில் கை வைக்கும்.

பால்சுரப்பிக் கட்டியையே முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். மூன்று காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், அவற்றைப் பிரிக்கும் வழி நன்றாகத் தெரிந்திருப்பதும் அதில்தான்.

மூன்று காரணங்களும் எப்படித் தெரியவந்தன

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சுண்டெலி வளர்த்து விற்ற ஏபி லேத்ரோப் என்ற பெண்மணி, தன் எலிகளில் சில குடும்பங்களுக்கு மட்டும் கட்டி அதிகம் வருவதைக் கவனித்தார். நோயியலாளர் லியோ லோபோடு சேர்ந்து அவர் 1910-களில் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு விஷயங்களைக் காட்டின. கட்டி குடும்பவழி வருகிறது; இளம் வயதிலேயே சூலகத்தை எடுத்துவிட்டால் குறைகிறது. 1932-ல் பாரிஸில் அந்துவான் லகசான்ய் ஆண் சுண்டெலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்தார். வழக்கமாக மார்புக் கட்டியே வராத ஆண்களுக்கும் அது வந்தது.

மரபணுதான் எல்லாம் என்ற எண்ணத்தை உடைத்தது 1933. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தினர், கட்டி அதிகமுள்ள வகையையும் குறைவான வகையையும் இரு திசையிலும் கலந்தார்கள். மகள்களின் குரோமோசோம்கள் இரு திசையிலும் ஒன்றுதான். ஆனாலும் தாய் எந்த வகையோ அந்த வகையின் வழியில்தான் கட்டி வந்தது. 1936-ல் அதே ஆய்வகத்தின் ஜான் பிட்னர், குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு வகைத் தாயிடம் பால் குடிக்க விட்டார், கட்டி குறைந்தது. பாலில் ஏதோ ஒன்று கடந்து வருகிறது என்றார். அதுதான் பின்னாளில் எம்எம்டிவி என்று அறியப்பட்ட சுண்டெலிப் பால்சுரப்பிக் கட்டி வைரஸ். மரபுவழிப் பாங்கு, பால்வழிக் காரணி, ஹார்மோன் தூண்டல் என்று பிட்னர் பிரித்த மூன்றும்தான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு.

இவற்றில் ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் மற்ற இரண்டையும் அசையாமல் கட்டிப்போட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தளர விட்டால் உங்கள் முடிவு எதைக் காட்டுகிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

படி 1: அனுமதி

மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, அதாவது சட்டம் 772, ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் விலங்குகளைப் பயன்படுத்த உரிமம் கேட்கிறது. கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஓர் எலியைக்கூட வாங்காதீர்கள். விண்ணப்பத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை, கட்டி எந்த அளவை எட்டினால் கருணைக்கொலை என்ற மூன்றும் எண்ணாக இருக்கட்டும். "தேவைக்கேற்ப" என்று எழுதினால் திரும்பி வரும், வரவும் வேண்டும்.

படி 2: ஸ்ட்ரெய்ன் (தூய வகை) தேர்வு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் மரத்தை ஒட்டுக் கட்டி நட்டால் அந்தக் காடு முழுக்க மரபில் ஒரே மரம்தான். ஒரு வரிசையில் பால் குறைந்தால் காரணத்தை மண்ணிலோ வெட்டிலோ தேடலாம். அண்ணன் தங்கையை 20 தலைமுறைக்கு மேல் இணைத்து உருவாக்கிய உட்பெருக்கச் சுண்டெலி ஸ்ட்ரெய்னும் அப்படித்தான். மரபணு ஒன்றாகிவிட்டதால் மிச்சமுள்ள வேறுபாடு வைரஸாலா, ஹார்மோனாலா என்று கேட்க முடிகிறது.

தெரிந்திருக்க வேண்டிய ஸ்ட்ரெய்ன்கள் இவை. சி3எச் வகையில் பால்வழி வைரஸ் இருந்தால், ஓராண்டுக்குள் பெண்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மார்புக் கட்டி வரும். கன்னிப் பெண்களும் தப்புவதில்லை. ஏ வகையில் அதே வைரஸ் இருந்தும், ஈன்ற பெண்களுக்கு அதிகமாகவும் கன்னிகளுக்கு மிகக் குறைவாகவும் வருகிறது. ஹார்மோனின் பங்கைக் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடையாது. பால்ப்-சி வகைக்கு வைரஸ் இல்லாதபோது கட்டி குறைவு. சி3எச் தாயின் பாலைக் குடித்தால் அதிகம். அதாவது பாங்கு இருக்கிறது, காரணிதான் இல்லை. சி57 பிளாக் 6 வகைக்கு இயல்பாகவே மார்புக் கட்டி அரிது.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, பழைய கட்டுரையில் "சி3எச், 90 சதவீதத்துக்கு மேல்" என்று படித்துவிட்டு இன்றைக்கு சி3எச்/எச்இஜே வாங்குவது. ஜாக்சன் ஆய்வகம் இந்த வகையை 1999-ல் கருமாற்றம் செய்து (கருவை வைரஸ் இல்லாத தாயின் கருப்பைக்கு மாற்றி), பால்வழி வைரஸை நீக்கிவிட்டது. இப்போது வருகிற எலிகளில் அது கிடையாது. குரோமோசோமிலேயே ஒட்டியிருக்கும் எம்டிவி-1 என்ற உள்ளுறை வைரஸ் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் கட்டி வரலாம், ஆனால் தாமதமாகவும் குறைவாகவும்தான் வரும். ஆகவே ஸ்ட்ரெய்ன் பெயரின் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும், எந்த ஆண்டு எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குழி, "எம்எம்டிவி-பைஎம்டி", "எம்எம்டிவி-நியூ" என்ற மரபணு மாற்றிய எலிகள். பெயரில் எம்எம்டிவி இருந்தாலும் இவற்றில் வைரஸ் இல்லை. வைரஸின் தொடக்கி வரிசையை (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதியை) மட்டும் எடுத்து, அதன் பின்னால் ஒரு புற்றுநோய் மரபணுவைக் கோத்திருக்கிறார்கள். இந்த எலியின் குட்டியை வேறு தாயிடம் விட்டாலும் கட்டி வரத்தான் செய்யும். ஆனால் மரபணுவின் பங்கைப் படிக்க இவை மிக வசதி. ஹார்மோன் சோதனைக்கு ஆகாது: அந்தத் தொடக்கி வரிசையே ஹார்மோனுக்குப் பதில் சொல்லும். எஃப்விபி என்ற ஸ்ட்ரெய்ன் பின்னணியிலுள்ள பைஎம்டி பெண்களுக்கு இரண்டு மாதம் ஆகும் முன்பே தொட்டுணரக்கூடிய கட்டி வந்துவிடும். ஒரு செமஸ்டரில் முடிய வேண்டிய ஆய்வென்றால் இதைத்தான் சொல்வோம்.

படி 3: அறை, படுக்கை, தீனி

பலர் ஒரு பத்தியில் தாண்டிவிடும் இடம் இது. எங்கள் பார்வையில் சிறிய ஆய்வகங்களில் ஹார்மோன் சோதனைகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியசுக்குள், ஒரே நாளில் அதிகம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். வெளியே 90-ஐத் தொடும் ஊரில் குளிர்சாதனம் மட்டும் போதாது. ஈரம் உறிஞ்சும் கருவியும் தேவை. மணிக்கு 10 முதல் 15 முறை காற்று மாற வேண்டும். புகைமூட்டக் காலத்தில் முன்வடிகட்டியை மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் துண்டித்துத் திரும்பும்போது விளக்கு நேரக்கருவி தவறான நேரத்தில் மறுபடி தொடங்குவது சாதாரணம். 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்ற சுழற்சி குலைந்தால் பெண்களின் பருவச் சுழற்சியும் குலையும். மின்கலம் உள்ள நேரக்கருவியை வாங்குங்கள், மின்னாக்கியோடு இணையுங்கள்.

படுக்கைக்குப் பக்கத்து மரச்சாமான் ஆலையிலிருந்து ரப்பர் மரத்தூள் இலவசமாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். ரப்பர் மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும் என்பதால், அறுத்த கையோடு போரான் கலந்த மருந்தில் ஊறவைக்கிறார்கள்; எலி அந்தத் தூளைக் கொறிக்கும். சீடார் போன்ற வாசனை மரச் சீவல் கல்லீரல் நொதிகளைத் தூண்டும். ஹார்மோன்களைச் சிதைப்பதே அந்த நொதிகள்தான். சோளத்தண்டுத் துகள்களில் உள்ள சில சேர்மங்கள் எலிகளின் பருவச் சுழற்சியைக் குழப்புவதாகக் காட்டப்பட்டுள்ளது. ஆஸ்பென் சீவல் அல்லது சாயம் போடாத காகிதத் துகள் பாதுகாப்பானது. 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தபின் நன்றாக உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் சூடாக மூட்டை கட்டினால் மூன்று நாளில் பூசணம் பிடிக்கும்.

சாதாரணத் தீனியில் சோயா இருக்கும். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டும். மூட்டைக்கு மூட்டை அளவு மாறும் என்பதால் ஒரே ஆய்வின் நடுவில் மூட்டை மாறினாலே முடிவு ஆடலாம். ஹார்மோன் ஆய்வுக்கு, புரதத்துக்குக் கேசீன் சேர்த்த ஏஐஎன்-93 வகைத் தீனியே நல்லது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே உற்பத்தித் தொகுதி. 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்து, ஆறு மாதம் ஆகும் முன்பே முடித்துவிடுங்கள்.

கூண்டும் ஹார்மோன் தரும். பாலிகார்பனேட் கூண்டுகளைக் காரத்தன்மை மிக்க தரைச் சோப்பால் தவறுதலாகக் கழுவியதில் பிஸ்பினால்-ஏ கசிந்து, எலிகளின் முட்டையணுக்களில் குரோமோசோம் பிழைகள் கூடியதை பெட்ரீஷியா ஹன்ட் குழுவினர் 2003-ல் வெளியிட்டார்கள். மங்கலான, கீறல் விழுந்த கூண்டைத் தூக்கிப் போடுங்கள். பாலிசல்ஃபோன் விலை கூடினாலும் நின்று உழைக்கும்.

தோட்டத்து எலி உள்ளே வந்தால் சிற்றுண்ணி, குடற்புழு, எலி வைரஸ்கள் எல்லாம் கூடவே வரும். கதவடியில் 50 செ.மீ. உயரத்துக்கு வழவழப்பான தகடு அடியுங்கள். காற்றுக் குழாய் வாயில் கம்பி வலை. விஷ உருண்டை வைக்க வேண்டுமென்றால் கட்டடத்துக்கு வெளியே மட்டும். செம்பனைக் காட்டுக்குள் போய்வந்த சப்பாத்தோடு யாரும் நுழையக்கூடாது.

படி 4: இரு திசைக் கலப்பு

சி3எச் பெண்ணுக்குப் பால்ப்-சி ஆண். பால்ப்-சி பெண்ணுக்குச் சி3எச் ஆண். இரு திசையிலும் பிறக்கும் மகள்களின் உடற்குரோமோசோம்கள் ஒன்றே. மகள்களுக்குத் தாயிடமிருந்து ஒரு எக்ஸ், தந்தையிடமிருந்து ஒரு எக்ஸ் என்பதால் அதிலும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு மகள்களை மட்டும் எடுங்கள். இரு பக்கத்துக்கும் நடுவில் கட்டியில் வேறுபாடு தெரிந்தால் காரணம் தாய்வழி: பால், கருப்பை, மைட்டோகாண்ட்ரியா இவற்றில் ஒன்று. எது என்பதை அடுத்த படிதான் சொல்லும்.

படி 5: வளர்ப்புத்தாய் மாற்றம்

முழுச் சோதனையின் உயிர்நிலை இது. ஒரு வாய்ப் பால் உள்ளே போனாலும் அந்தக் குட்டியை "வைரஸ் இல்லாதது" என்று எண்ண முடியாது.

முதலில் நேரத்தைப் பொருத்துங்கள். பெண்களைக் கூட்டமாக வைத்தால் பருவச் சுழற்சி அடங்கும். பிறகு ஆணின் சிறுநீர் படிந்த படுக்கையை அவற்றின் கூண்டில் போட்டால், மூன்றாவது இரவில் பெரும்பாலானவை ஒன்றாகப் பருவத்துக்கு வரும். அன்று இணை சேருங்கள். மறுநாள் காலை 9 மணிக்கு முன் கலவி அடைப்பைப் (இணை சேர்ந்ததற்கு அடையாளமாக யோனியில் உறைந்திருப்பது) பாருங்கள்; பிந்தினால் விழுந்துவிடும். கர்ப்பகாலம் 19 முதல் 21 நாள். வளர்ப்புத்தாய் அதே நாளிலோ ஒரு நாள் முன்போ ஈனும்படி, அவற்றைக் கொஞ்சம் கூடுதல் எண்ணிக்கையில் இணை சேர்த்து வையுங்கள். முன்பு ஒரு ஈற்றை நன்றாக வளர்த்துக் காட்டிய தாய்தான் வேண்டும். முதல் ஈற்றுத் தாய்களில் சில, குட்டியைத் தின்றுவிடும்.

இயல்பான ஈற்றுக்குக் காத்திருந்தால், சுண்டெலி பெரும்பாலும் இரவில் ஈனும் என்பதால் காலையில் நீங்கள் பார்க்கும்போது குட்டி குடித்து முடித்திருக்கும். எடுத்துப் பாருங்கள்: வயிற்றின் இடப்பக்கம் மெல்லிய தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அதுதான் பால். தெரிந்தால் அந்தக் குட்டி இந்தக் குழுவுக்கு ஆகாது. தெரியாவிட்டாலும் ஒரு துளி போயிருக்கலாம்.

அதனால் உறுதியான வழி, 19-ஆம் நாளில் அறுவை மூலம் குட்டிகளை எடுப்பது. பயிற்சி பெற்றவர் தாயை வலியின்றிக் கொன்று, கருப்பையைக் கிருமியற்ற தட்டுக்கு மாற்றி, பைகளைப் பிரித்து, குட்டியின் மூக்கையும் வாயையும் ஈரப்பஞ்சால் துடைத்து, 37 டிகிரி வெப்பத் தட்டில் வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். நீலம் பாய்ந்த தோல் இளஞ்சிவப்பாகி மூச்சு சீராகும்வரை நிறுத்தாதீர்கள். சீராகும் முன் தாயிடம் வைத்தால் அது ஒதுக்கிவிடும்.

இப்போது வளர்ப்புத்தாயை வேறு கூண்டுக்கு மாற்றி, அதன் குட்டிகளை எடுத்துவிட்டு, புதுக் குட்டிகளை அதே கூட்டின் படுக்கையில் புரட்டுங்கள். வாசனை ஏறட்டும். ஈற்றுக்கு ஆறு குட்டி போதும்; எல்லாத் தாய்க்கும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். தாயைத் திரும்ப விட்டு ஒரு மணி நேரம் அறைக்குள் யாரும் போகாதீர்கள். பால்ப்-சி குட்டிகளின் கண் பிறவியிலேயே நிறமற்றது. சி3எச் குட்டிகளின் கண் தோலுக்கு அடியில் கருமையாகத் தெரியும். குட்டிகள் கலந்துபோனதா என்று பார்க்க இதைவிட எளிய அடையாளம் இல்லை. மறுநாள் எல்லாக் குட்டிகளிலும் பால்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறை அது இருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழுக்களை மறக்காதீர்கள். சி3எச் குட்டி பால்ப்-சி தாயிடம், பால்ப்-சி குட்டி சி3எச் தாயிடம் என்ற இரண்டு மட்டும் போதாது. சி3எச் குட்டியை இன்னொரு சி3எச் தாயிடமும், பால்ப்-சி குட்டியை இன்னொரு பால்ப்-சி தாயிடமும் மாற்றிய குழுக்கள் வேண்டும். அவை இல்லையென்றால், கட்டி குறைந்தது வைரஸ் போனதாலா, குட்டியைத் தூக்கி மாற்றிய அதிர்ச்சியாலா என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது.

படி 6: வைரஸ் உண்டா இல்லையா

நேரடியாக டிஎன்ஏ எடுத்துப் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காணும் சோதனை) போட்டால் ஏறக்குறைய எல்லா ஆய்வக ஸ்ட்ரெய்னிலும் "உண்டு" என்றே வரும். பிளாக் 6 குரோமோசோமிலேயே எம்டிவி-8, 9, 17 இருக்கின்றன. பால்ப்-சியிலும் தனி வரிசை இருக்கிறது. உள்ளுறை வைரஸுக்கும் பால்வழி வைரஸுக்கும் வேறுபடும் பகுதி, வைரஸ் டிஎன்ஏவின் ஓரமான நீள்முனையில் உள்ள சேக் மரபணு. பிசிஆர் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை அங்கேதான் அமைக்க வேண்டும். ஈன்ற பெண்ணின் பாலிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி கொண்டு சுத்தம் செய்து, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு குழாய் ஓட்டுங்கள். சேர்க்காத குழாயிலும் பட்டை வந்தால் நீங்கள் பார்ப்பது எலியின் சொந்த டிஎன்ஏ.

ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களை வகைவாரியாக எண்ணும் முறை) வசதியுள்ள பல்கலைக்கழகத்தோடு தொடர்பிருந்தால் இன்னொரு அழகான சோதனை உண்டு. இந்த வைரஸ் குட்டியின் குடலிலுள்ள பி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களில் நுழைந்து, சேக் புரதத்தை வெளியே காட்டி, குறிப்பிட்ட டி அணுக்களைக் கூட்டமாகத் தூண்டும். அந்தப் பரபரப்பில்தான் தன்னைப் பெருக்கிக்கொண்டு பால்சுரப்பிக்குப் போகிறது. தூண்டப்பட்ட டி அணுக்கள் நாளடைவில் அழிகின்றன. சி3எச் பால்வழி வைரஸ் என்றால் வி-பீட்டா 14 என்ற வகை டி அணுக்கள் குறையும். வளர்ந்த எலியின் சில துளி இரத்தமே போதும், கொல்ல வேண்டியதில்லை.

படி 7: ஹார்மோன் குழுக்கள்

குறைந்தது நான்கு குழு: கன்னி, ஈன்றவை, சூலகம் எடுத்தவை, எடுத்தபின் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தவை. சூலகத்தை 3 முதல் 4 வார வயதில், பருவம் வரும் முன் எடுக்க வேண்டும். வயது ஏறிச் செய்தால் சுரப்பி ஏற்கெனவே வளர்ந்திருக்கும், தடுப்பும் குறையும். மயக்க மருந்தும் வலிநிவாரணியும் கால்நடை மருத்துவர் முடிவு செய்வது. வயிற்றைத் திறந்து மூடி, சூலகத்தைத் தொடாமல் விட்ட போலி அறுவைக் குழுவும் வேண்டும்.

சூலகம் முழுதாக வந்ததா? இரண்டு வாரம் கழித்து ஐந்து நாள் தொடர்ந்து, காலை 10 மணிக்கு, 20 மைக்ரோலிட்டர் உப்புநீரால் யோனிக் கழுவல் எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். வெள்ளணுக்கள் மட்டும் தெரிய வேண்டும். கருவற்ற, தட்டையான செதிலணுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் சூலகத் துணுக்கு உள்ளே நிற்கிறது. பிரேதப் பரிசோதனையில் கருப்பை நூல் போல மெலிந்திருப்பதும் சான்று.

ஈஸ்ட்ரோஜன் வில்லைகளில் அளவு அதிகமாகிவிடும் ஆபத்து உண்டு. சிறுநீர் அடைத்துப் பை வீங்கி எலிகள் சாகும். கட்டியால் செத்ததாக எண்ணிவிடுவார்கள். வாரந்தோறும் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். டிபிஏ/2, சிஇ போன்ற ஸ்ட்ரெய்ன்களில் இனப்பெருக்கச் சுரப்பியை இளமையில் எடுத்தால் அட்ரீனல் புறணி கட்டியாகி அதுவே ஹார்மோன் சுரக்கும். "சூலகம் இல்லை, ஆகவே ஈஸ்ட்ரோஜன் இல்லை" என்ற கணக்கு அங்கே பொய்த்துவிடும்.

எம்எம்டிவியின் நீள்முனை வரிசை குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற மன அழுத்த ஹார்மோனுக்கும் புரோஜெஸ்ட்ரோனுக்கும் நேரடியாகப் பதில் சொல்லும். ஆக, பயந்த எலியில் வைரஸும் விழித்துக்கொள்ளும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்கும் வாரங்களில் புதுக் குழு தொடங்காதீர்கள், அறுவையும் வேண்டாம். கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை அளக்க இரத்தம் எடுத்தால் கூண்டைத் தொட்ட மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு கூண்டில் எத்தனை எலி என்பதும் ஹார்மோன் விஷயம்தான்: தனியாக அடைத்த பெண்களுக்குக் கட்டி முந்தி வந்ததை 1940-களிலேயே ஆண்டர்வான்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். எல்லாக் குழுவிலும் கூண்டுக்கு ஒரே எண்ணிக்கை. ஒன்று செத்தால் அந்தத் தேதியைக் கூண்டுச் சீட்டில் எழுதுங்கள்.

படி 8: தொட்டுப் பார்த்தல்

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே ஆள். பைஎம்டி எலிகளுக்கு 5 வாரத்திலிருந்து வாரத்துக்கு இருமுறை. ஹரிராயா, தைப்பூச விடுமுறைகளுக்கு முன்கூட்டியே மாற்றாளுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒரு வாரம் விட்டால் தொடக்கத் தேதி ஒரு வாரம் பிழைக்கும்.

எலியைக் கூண்டு மூடிக் கம்பியில் விடுங்கள். முன்னங்காலால் கம்பியைப் பற்றிக்கொள்ளும். வாலடியைப் பிடித்து லேசாகப் பின்னால் இழுத்தால் உடல் நீளும். இப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலை உருட்டிக்கொண்டே கழுத்திலிருந்து இடுப்பு வரை வாருங்கள். சுண்டெலிக்கு ஐந்து ஜோடிச் சுரப்பி: மேலே மூன்று, கீழே இரண்டு. சுரப்பித் திசு வயிற்றோடு நிற்காது. தோள்பட்டைக்குப் பின்புறம், விலா, பிறப்புறுப்பின் ஓரம் வரை பரவியிருக்கும். வயிற்றை மட்டும் பார்ப்பவர்கள் முதல் கட்டியைத் தவறவிடுவார்கள்.

நான்காவது சுரப்பியில் துவரம்பருப்பு அளவில், வழுக்கி ஓடும் ஒன்று விரலில் படும். அது நிணநீர் முடிச்சு, எல்லா எலிக்கும் உண்டு. கழுத்தடியில் மெத்தென்று இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. கட்டி கடினமாக, விளிம்பு முண்டும் முடிச்சுமாக இருக்கும். 3 மி.மீ.க்கு மேல் அடுத்தடுத்த இரண்டு வாரம் தெரிந்தால், முதல் முறை தெரிந்த தேதியைத் தொடக்கமாக எழுதுங்கள்.

அளக்கும்போது நீளத்தையும் அதற்குச் செங்குத்தான அகலத்தையும் எடுத்து, நீளம் பெருக்கல் அகலத்தின் வர்க்கம், வகுத்தல் 2. 12 மி.மீ., 8 மி.மீ. என்றால் 384 கன மி.மீ. அகலத்தை 9 என்று தவறாக எடுத்தால் 486 ஆகிவிடும், 1 மி.மீ.க்கு 27 சதவீதப் பிழை. அதனால்தான் ஒரே ஆள் என்கிறோம். அளப்பவருக்குக் குழு தெரியக்கூடாது. விட்டம் 20 மி.மீ. எட்டினாலோ, தோல் வெடித்துப் புண்ணானாலோ, எலி கூனி நடந்தாலோ அன்றே முடித்துவிட வேண்டும்.

படி 9: பிரேதப் பரிசோதனை

செத்துக் கிடக்கும் எலி நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்தில் கெடும். உடனே 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைத்தால் பனித்துகள் திசுவைக் கிழித்துவிடும். கட்டியைப் பாதியாக்கி, ஒரு பாதியை 5 மி.மீ. துண்டுகளாகப் பத்து மடங்கு அளவு ஃபார்மலினில் 24 முதல் 48 மணி வைத்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். மறு பாதி மைனஸ் 80-க்கு. மூச்சுக்குழாய் வழியே ஏறக்குறைய 1 மி.லி. ஃபார்மலின் ஏற்றி நுரையீரலை விரித்தால்தான் பரவிய கட்டிகள் தெரியும்.

உறைந்த பாதிதான் வைரஸ் கதையின் மறு முனை. இந்த வைரஸ் தனக்கென்று ஒரு புற்றுநோய் மரபணுவைக் கொண்டு வருவதில்லை. எலியின் மரபணு ஒன்றுக்குப் பக்கத்தில் போய் ஒட்டி அதை முடுக்கிவிடுகிறது. ரோல் நுசேயும் ஹெரால்ட் வார்மஸும் 1982-ல் கண்ட முதல் இடம் இன்று டபிள்யூஎன்டி1 எனப்படுகிறது, எஃப்ஜிஎஃப்3 இன்னொன்று. கட்டியில் மட்டும், அதே எலியின் கல்லீரலில் இல்லாத புது வைரஸ் துண்டு தெரிந்தால் அது பால்வழி வந்து ஒட்டியது.

மார்புக்கு வெளியே

சுருக்கமாகச் சில. ஏகேஆர் எலிகளுக்கு ஓராண்டுக்குள் தைமஸ் லிம்போமா (நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் தொடங்கும் ஒருவகை இரத்தப் புற்று) வரும். வைரஸ் குரோமோசோமிலேயே இருப்பதால் வளர்ப்புத்தாய் மாற்றம் பயன் தராது, ஆனால் தைமஸை எடுத்தால் பெரிதும் தடுக்கலாம். அந்த இரத்தப் புற்றை அணுக்கள் இல்லாத சாற்றால் பிறந்த குட்டிகளுக்குக் கடத்தலாம் என்று லுட்விக் கிராஸ் 1951-ல் காட்டினார். சி3எச் ஆண்களுக்குக் கல்லீரல் கட்டி அதிகம், விதை நீக்கினால் குறையும். ஏ வகைக்கு நுரையீரல் கட்டி. 1990-ல் அறிவிக்கப்பட்ட "மின்" (Min) என்ற வகை எலிகளில் ஏபிசி என்ற மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுது. அதே பழுது பிளாக் 6 பின்னணியில் குடலில் ஏராளமான முளைகளையும், ஏகேஆரோடு கலந்தால் மிகச் சிலவற்றையும் தருகிறது.

படி 10: கணக்கும் விளக்கமும்

எத்தனை எலி? 80 சதவீதத்தையும் 20 சதவீதத்தையும் பிரித்தறிய, குழுவுக்குப் பத்துப் பதின்மூன்று போதும். 60-ஐயும் 40-ஐயும் பிரிக்க ஏறக்குறைய 97 வேண்டும். சிறிய அறை என்றால் பெரிய வேறுபாடு தரும் கேள்வியையே கேளுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே பாலைக் குடித்தவை. ஆகவே எண்ண வேண்டியது ஈற்றை. ஆறு குட்டியை ஆறு சான்றாக எண்ணாதீர்கள். வெறும் சதவீதத்தோடு நிறுத்தாமல் கேப்ளான்-மையர் வரைபடம் (எந்த வயதில் எத்தனை எலி கட்டியின்றி இருந்தது என்று காட்டுவது) போடுங்கள். வேறு காரணத்தால் இறந்தவற்றை அந்தத் தேதிவரை கணக்கில் வைத்து, அதன்பின் விலக்குங்கள்.

இரு திசைக் கலப்பில் வேறுபாடு இருந்து, பால் மாற்றியதும் மறைந்தால் பால்வழி வைரஸ். பால் மாற்றியும் மறையாவிட்டால் கருப்பையையோ மைட்டோகாண்ட்ரியாவையோ பாருங்கள். அதற்குக் கருமாற்றம் தேவைப்படும். இரு ஸ்ட்ரெய்னும் ஒரே வைரஸோடு, ஒரே ஈற்று எண்ணிக்கையோடு இருந்தும் வேறுபட்டால் மரபணு. கன்னிக்கும் ஈன்றதுக்கும் மட்டும் வேறுபட்டால் ஹார்மோன். ஒப்பீட்டுக் குழு உட்பட எல்லாவற்றிலும் கட்டி எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால், முதலில் வாராந்திர எடைப் பதிவேட்டைத் திறங்கள். தீனி குறைந்த எலிக்கு மார்புக் கட்டி குறையும் என்பது 1940-களிலிருந்தே தெரிந்தது. ஈரத்தில் ஊறிய தீனியை எலிகள் ஒதுக்கியிருந்தால் அது அந்தப் பதிவேட்டில்தான் முதலில் தெரியும்.